சுருளுக்கும் கை உண்டு: ஒரு புரதம், ஒரு நூல், ஒரு பக்

இந்த எபிசோடில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. பேசப் போறது ஒரு உருவத்தைப் பத்தி, ஆனா உங்க கண் முன்னாடி படம் எதுவும் இல்லை. அதனால ஒரு வேலை செய்யுங்க. ஒரு முழம் நூலோ, பழைய ஷூ லேஸோ எடுத்துக் கையில வச்சுக்கோங்க. பஸ்ல இருந்தா இயர்போன் ஒயர் போதும். கடைசி வரைக்கும் அது தேவைப்படும்.

புரதங்களுக்குள்ள இருக்கிற திருகு சுருளை, அதாவது ஹெலிக்ஸை, எப்படிப் பார்ப்பது? பார்த்தது சரிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இதுதான் இன்னிக்குக் கேள்வி. எனக்கு இது ராஜபாளையத்தில் மாமா வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது.

மாமா கேட்ட கேள்வி

வார வேலை முடிஞ்சு ஊருக்குப் போயிருந்தேன். அப்போ பொழுதுபோக்கா ஒரு புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தேன். புரத அமைப்புகளை உலகம் முழுக்கச் சேமித்து வைக்கிற பொதுத் தரவுத்தளம் ஒன்று இருக்கு, புரோட்டீன் டேட்டா பேங்க். யாரும் இலவசமா இறக்கிக்கலாம். ஒரு கோப்பைத் திறந்தா பெரும்பாலும் வரிவரியா அணுக்களோட எக்ஸ், ஒய், இசட் எண்கள்தான் இருக்கும். அந்த எண்களை எடுத்துப் பிரவுசர்ல ரிப்பனா வரையணும். அதுதான் என் திட்டம்.

முதலில் எடுத்தது மயோகுளோபின். தசையில ஆக்சிஜனைச் சேமித்து வைக்கிற புரதம். உலகத்திலேயே முதன்முதலில் முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட புரதமும் இதுதான். 1958ல ஜான் கெண்ட்ரூ குழு கேம்பிரிட்ஜில் செய்தது. 153 அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி, அதில் எட்டுச் சுருள் துண்டுகள். என் ஸ்கிரீன்ல அந்த எட்டும் பளபளன்னு வந்தது. சத்தியமா அழகா இருந்தது.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நூற்பாலையில டபிளிங் செக்‌ஷன்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். ராஜபாளையத்தில் இப்படி ஒருத்தர் இல்லாத தெரு குறைவு. 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, இந்த ஊருக்குப் பஞ்சும் நூலும்தான் பிழைப்பு. பக்கத்துச் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்றாங்க.

மாமா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்ன மாப்ள, சிங்கிள் நூலு எஸ் முறுக்குல போகுது? இசட்ல தான வரணும்?"

"மாமா, இது நூல் இல்ல. புரதம். உடம்புக்குள்ள இருக்கிறது."

"எதுவா இருந்தா என்ன? முறுக்குன்னு இருந்தா எஸ்ஸா இசட்டான்னு இருக்கும்ல?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்தக் கேள்வியை நான் ஒரு தடவை கூட என்னையே கேட்டுக்கவே இல்லை.

எஸ்ஸும் இசட்டும்

இப்போ உங்க நூலை எடுங்க. செங்குத்தாப் பிடிங்க. நூலில் முறுக்கின இழைகள் உங்களைப் பார்க்கிற பக்கத்தில் எந்தப் பக்கமாச் சாயுதுன்னு கவனிங்க. கீழே இடப்பக்கம் தொடங்கி மேலே வலப்பக்கம் ஏறினா அது ஆங்கில எழுத்து இசட்டோட நடுக்கோடு மாதிரி இருக்கும். அது இசட் முறுக்கு. மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கம் இறங்கினா எஸ்ஸோட நடுப்பகுதி மாதிரி. அது எஸ் முறுக்கு. உலகம் முழுக்க ஜவுளித் தொழிலில் இதுதான் பேர்.

அறிவியல்ல இதே விஷயத்துக்கு வலக்கைச் சுருள், இடக்கைச் சுருள்னு பேர். வலது கையை 'லைக்' போடுற மாதிரி கட்டைவிரல் மேலே பார்க்க வைங்க. மத்த விரல்கள் சுற்றுகிற திசையிலேயே சுற்றிக்கிட்டு, கட்டைவிரல் காட்டுற பக்கம் ஏறினா வலக்கைச் சுருள். நம்ம வீட்டு ஸ்க்ரூ, பாட்டில் மூடி எல்லாம் வலக்கை. அதுதான் இசட். சைக்கிளோட இடது பெடல் திருகு மட்டும் இடக்கை, அதாவது எஸ்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நூலைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க. முறுக்கு மாறுதா? மாறாது. இசட் எழுத்தைத் தலைகீழாத் திருப்பினாலும் இசட்தானே. எப்படிச் சுத்தினாலும், புரட்டினாலும் சுருளோட கை மாறாது. அதை மாத்த ஒரே வழி கண்ணாடி. கண்ணாடியில தெரியுற பிம்பத்தில் இசட் எஸ்ஸாயிடும்.

பேர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேணும். வலம்புரிச் சங்குன்னு நாம கொண்டாடுற அபூர்வச் சங்கை விலங்கியல் புத்தகம் இடப்பக்கச் சுருள்னு எழுதும். சங்கை எந்த முனை மேலே வச்சுப் பார்க்கிறோம்ங்கிற பழக்கம் வேற வேற, அவ்வளவுதான். பேர் பழக்கத்தைப் பொறுத்தது. ஆனா ஒரு சங்குக்கும் அதோட கண்ணாடிப் பிம்பத்துக்கும் உள்ள வித்தியாசம் நிஜம்.

ஆல்ஃபா சுருள் எப்படி நிக்குது

புரதம் ஒரு நீளச் சங்கிலி. கண்ணிகள் அமினோ அமிலங்கள். சங்கிலி தன்னையே சுத்திக்கிட்டு ஏறும்போது, ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற ஆக்சிஜன், நாலு கண்ணி தள்ளி இருக்கிற நைட்ரஜனோட ஹைட்ரஜனைப் பிடிச்சுக்கும். இது ஹைட்ரஜன் பிணைப்பு. இப்படி வரிசையாப் பிடிச்சுக்கிட்டே போனா ஒரு உறுதியான கம்பி மாதிரி ஆயிடும். ஒரு சுற்றுக்கு 3.6 கண்ணி. ஒரு சுற்றுக்கு உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம்.

இதை மாமாகிட்ட சொன்னப்போ அவர் கேட்டது: "இஞ்சுக்கு எத்தன முறுக்கு?" மில்லுல நூலை அப்படித்தான் அளப்பாங்க. நாற்பதாம் நம்பர் நூலுக்கு இஞ்சுக்கு இருபத்தஞ்சு சொச்சம் வரும். நான் போன்ல கணக்குப் போட்டேன். ஆல்ஃபா சுருளுக்கு இஞ்சுக்கு சுமார் 4.7 கோடி முறுக்கு. மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இந்தச் சுருளை முதலில் காகிதத்தில் கண்டுபிடிச்சவர் லைனஸ் பாலிங். 1948ல ஆக்ஸ்ஃபோர்டில் ஜலதோஷம் பிடிச்சுப் படுத்திருந்தப்போ, சங்கிலியைக் காகிதத்தில் வரைஞ்சு மடிச்சு மடிச்சுப் பார்த்தார். 1951ல கோரி, பிரான்சன் ரெண்டு பேரோட சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் கட்டுரையில அச்சான ஆல்ஃபா சுருள் படம் இடக்கைச் சுருள். உடம்பில் இருக்கிறது வலக்கை.

பக் எங்கே இருந்தது

என் படமும் இடக்கையா இருந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். கணக்குப் பாடத்தில் ஒய் அச்சு மேலே போகும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல புள்ளி எண்ணிக்கை மேலே இருந்து தொடங்கும், ஒய் கீழே போகும். கோப்பில் இருந்த எண்ணை அப்படியே ஸ்கிரீனுக்கு அனுப்பிட்டேன். மேல் கீழா மாறிடுச்சு. எக்ஸும் ஆழமும் மாறாம ஒய் மட்டும் மாறினா அது புரட்டல் ஆகாது, கண்ணாடிப் பிம்பம் ஆயிடும். எட்டுச் சுருளும் எஸ்ஸாயிடுச்சு.

திருத்தம் ஒரு வரிதான். ஆனா என்னை உறுத்தினது வேற. படத்தைப் பார்த்தா எந்தக் குறையும் தெரியலை. எரர் மெசேஜ் வரலை. நான் நாலு பேருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தேன், நாலு பேரும் 'செம' போட்டாங்க. மாமா முறுக்கைப் பார்த்து வாழ்ந்தவர், அதனால பிடிச்சார். மத்தவங்க என்ன செய்றது?

இன்னொண்ணு. மாமா பிடிச்சது சரி, ஆனா அவர் சொன்ன காரணம் வேற. மில்லுல சிங்கிள் நூல் இசட்ல வர்றது தொழில் வழக்கம். ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கம் சுத்தவிட்டா எஸ் நூல் வரும். அப்போ புரதத்தில் மட்டும் ஏன் எஸ் வரக்கூடாது? யார் தடுக்கிறாங்க? இந்தக் கேள்விக்கு விடை சென்னையில கிடைச்சது. அதுவும் ஒரு சண்டையோட.

மெட்ராஸ், 1952

ஜி.என். ராமச்சந்திரன். 1922ல எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூர்ல சி.வி. ராமன்கிட்ட படிச்சு, கேம்பிரிட்ஜ் போய்ட்டு வந்தவர். 1952ல சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். அப்போ வயசு முப்பது. அந்த வருஷம் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் பேச்சுவாக்கில் சொன்னார்: கொலாஜனோட அமைப்பு இன்னும் சரியாப் பிடிபடலை.

கொலாஜன்னா நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கிற புரதம். பாலூட்டிகளோட உடம்பில் அதிகமா இருக்கிற புரதம் அதுதான். சென்னையில தோல் பதனிடும் தொழிலுக்காகவே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறுல இருக்கு. தோலுன்னா பெரும்பகுதி கொலாஜன். ராமச்சந்திரனும் அவரோட வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. பயன்படுத்தின மாதிரிகளில் கங்காரு வால் தசைநாணும் ஒன்று.

எக்ஸ்ரே படம்னா கை எலும்பு முறிஞ்சா எடுக்கிற மாதிரி உருவம் தெரியாது. சில புள்ளிகள், சில கறைகள், அவ்வளவுதான். அதிலிருந்து உருவத்தை ஊகிக்கணும். அவங்க கையில இன்னொரு துப்பு இருந்தது. கொலாஜனில் மூணில் ஒரு கண்ணி கிளைசின். இருக்கிற அமினோ அமிலங்களிலேயே சின்னது, பக்கவாட்டில் வெறும் ஒரு ஹைட்ரஜன் மட்டும் இருக்கிறது. ஏன் மூணுக்கு ஒண்ணு?

ரெண்டு பேரும் சொன்ன விடை: மூணு சங்கிலி பக்கத்துப் பக்கத்தில் ஓடுது. நடுவில் இடம் ரொம்பக் குறுகல். அந்த இடத்தில் கிளைசின் மட்டும்தான் நுழையும். 1954ல நேச்சர் இதழில் இது வந்தது. அடுத்த வருஷமே திருத்தினாங்க: மூணு சங்கிலியும் நேரா நிக்கலை, ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. அதாவது முப்புரிக் கயிறு. தமிழில் 'புரி'ன்னா கயிற்றோட ஒரு இழை. முறுக்குறதுக்கும் அதே சொல். டிரிபிள் ஹெலிக்ஸுக்கு நம்மகிட்ட ரெடியா ஒரு வார்த்தை இருந்திருக்கு.

அதே 1955ல அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் ஒரு கட்டுரை எழுதினாங்க. முப்புரி சரி, ஆனா ராமச்சந்திரன் மாதிரியில் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ரொம்ப நெருக்கி நிக்குது, அது நடக்காதுன்னு சொன்னாங்க. மூணு கண்ணிக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வச்சிருந்தார் ராமச்சந்திரன். அவங்க ஒண்ணுதான்னாங்க. இன்னிக்கு ஏத்துக்கிட்டிருக்கிறதும் ஒண்ணுதான்.

நாமளா இருந்தா ட்விட்டர்ல பதில் சண்டை போட்டிருப்போம். ராமச்சந்திரன் அடிப்படைக் கேள்விக்குப் போனார். 'ரொம்ப நெருக்கம்'னா எவ்வளவு நெருக்கம்? அதை யார் முடிவு பண்ணினாங்க? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு தொகுக்க ஆரம்பிச்சார்.

ஒரு சதுரத்தில் எல்லாப் புரதமும்

அந்த வேலைதான் 1963ல சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ரெண்டு பேரோட சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடத்தில் போய் முடிஞ்சது. இன்னிக்கு உலகத்தில் எந்த உயிர்வேதியியல் புத்தகத்தைத் திறந்தாலும் ராமச்சந்திரன் வரைபடம்னு இருக்கும்.

யோசனை இதுதான். விசிட்டிங் கார்டுகளை மூலையில் பின் குத்திக் கோர்த்த ஒரு சங்கிலியைக் கற்பனை பண்ணுங்க. கார்டு வளையாது. மூலையில மட்டும்தான் திரும்பும். புரதச் சங்கிலியும் அப்படித்தான். தட்டையான விறைப்பான துண்டுகள், நடுவில் ஒவ்வொரு மூலையிலும் ரெண்டே ரெண்டு திருப்பம். அந்த ரெண்டு கோணத்துக்குப் பேர் ஃபை, ப்சை. ரெண்டும் மைனஸ் 180 டிகிரியிலிருந்து பிளஸ் 180 வரைக்கும் போகலாம். அப்போ ஒரு சதுரம் போட்டா, எல்லாச் சாத்தியங்களும் அந்தச் சதுரத்துக்குள்ள வந்துடும்.

இப்போ சதுரத்தோட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கேள்வி: இந்தக் கோணத்தில் திருப்பினா ஏதாவது ரெண்டு அணு இடிக்குதா? இடிச்சா அடிச்சிடு. கேம் எழுதுறவங்களுக்குத் தெரியும், இதுக்குப் பேர் கொலிஷன் டிடெக்‌ஷன். அதை இன்னிக்கு மாதிரி கணினி வசதி எதுவும் இல்லாத காலத்தில், சென்னையில மூணு பேர் செய்தாங்க. அடிச்சது போக மிச்சம் பார்த்தா, சதுரத்தில் பெரும்பகுதி காலி. சில தீவுகள் மட்டும்தான் தப்பிச்சது.

வலக்கை ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் இருக்கு: ஃபை சுமார் மைனஸ் 57, ப்சை சுமார் மைனஸ் 47. கொலாஜனோட ஒவ்வொரு புரியும் இன்னொரு தீவு, மேல் இடது மூலைப் பக்கம். இடக்கை ஆல்ஃபா சுருளுக்குப் பிளஸ் 57, பிளஸ் 47 வரணும். அங்கே இருக்கிறது ஒரு குட்டித் தீவு. பெரும்பாலும் கிளைசின்தான் அங்கே ஒதுங்கும், ஏன்னா அதுக்கு இடிக்கிறதுக்குப் பக்கக் கை இல்லை.

மில்லுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் இதுதான். நம்ம உடம்பு புரதம் கட்டுறதுக்குப் பயன்படுத்துற அமினோ அமிலங்கள், கிளைசினைத் தவிர, எல்லாமே ஒரே கை. கண்ணாடிப் பிம்ப அமினோ அமிலங்களை அது இந்த வேலைக்கு எடுக்கிறதில்லை. கண்ணியிலேயே கை இருக்கிறதால சுருளுக்கும் கை வந்துடுது. ஸ்பிண்டிலைத் திருப்பி ஓட்டுற சுதந்திரம் அதுக்கு இல்லை.

இது தெரிஞ்சதும் நான் திரும்பிப் போய் ஒரு காரியம் செய்தேன். ஸ்கிரீன்ல வரைய அனுப்புற அதே எண்களை எடுத்து, ஃபை ப்சை கணக்குப் போட்டு, சதுரத்தில் புள்ளி வச்சேன். எல்லாப் புள்ளியும் தப்பான பக்கம் போய் உட்கார்ந்தது. கூட்டமா, வெட்கமே இல்லாம, காலியா இருக்க வேண்டிய இடத்தில். படம் சொல்லாததைச் சதுரம் ஒரு நொடியில் சொல்லிடுச்சு. கோப்பில் இருந்த எண்களுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தா எல்லாம் சரின்னு வந்திருக்கும். கோப்பு சரி, கடைசியில் நான் காட்டினதுதான் தப்பு.

இன்னிக்கு யார் புதுசாப் புரத அமைப்பைத் தரவுத்தளத்தில் சேர்த்தாலும், தீவுக்கு வெளியே எத்தனை புள்ளி இருக்குன்னு சரிபார்ப்பு அறிக்கையில வரும். ஏ.ஐ. கணிச்சுத் தர்ற அமைப்புகளையும் இந்தச் சதுரத்தில் வச்சுப் பார்க்கிறாங்க. 'உன் மாதிரி தப்பு'ன்னு சொன்னதிலிருந்து ஆரம்பிச்ச வேலை, எல்லார் மாதிரியையும் சோதிக்கிற அளவுகோல் ஆயிடுச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வடம்

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பால்கோவா வாங்குறது சாக்கு. நிஜமாப் பார்க்கப் போனது ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை இழுக்கிற வடத்தை. என் ரெண்டு கைக்கும் அடங்காத தடிமன். கிட்ட போய்ப் பார்த்தா, புரிக்குள்ள இழைகள் ஒரு பக்கம் சாயுது, புரிகள் அதுக்கு எதிர்ப்பக்கம் சாயுது.

உங்க நூலை எடுங்க, இப்போதான் அதுக்கு வேலை. ரெண்டு முனையையும் பிடிச்சு ஒரே பக்கமா நல்லா முறுக்குங்க. விறைப்பா ஆனதும் நடுவில் மடிச்சு, ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிச்சு விடுங்க. தானாவே சுத்திக்கும். எந்தப் பக்கம்? நீங்க முறுக்கினதுக்கு எதிர்ப்பக்கம். ஒரு முறுக்கு அவிழப் பார்க்கிறது, இன்னொரு முறுக்கை இறுக்குது. டபிளிங் செக்‌ஷன்ல மாமா முப்பது வருஷம் செய்தது இதுதான்: இசட் நூல் ரெண்டைச் சேர்த்து எஸ்ல முறுக்குறது.

நம்ம தலைமுடியிலும் அதே கதை. முடிப் புரதமான கெரட்டினில் வலக்கை ஆல்ஃபா சுருள் ரெண்டு, ஒண்ணை ஒண்ணு இடக்கையாச் சுத்தியிருக்கு. இசட், அப்புறம் எஸ். கொலாஜன் அதுக்கு நேர் எதிர். ஒவ்வொரு புரியும் இடக்கை, மூணும் சேர்ந்து வலக்கை. கடையில் கிடைக்கிற மூணு புரிக் கயிறு பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆனா புரதத்தை யாரும் முறுக்கி விடலையே, எப்படி எதிர்ப்பக்கம் சுத்துது? இதைக் கூட்டல் கழித்தலிலேயே பார்த்துடலாம். ஆல்ஃபா சுருளில் ஒரு கண்ணிக்கு 100 டிகிரி திருப்பம். கெரட்டினில் பக்கத்துச் சுருளோட ஒட்டுற கண்ணிகள் ஏழுக்கு ஒருமுறை திரும்பி வரும் வரிசை. ஏழு கண்ணிக்கு 700 டிகிரி. ரெண்டு முழுச் சுற்றுன்னா 720. இருபது டிகிரி பாக்கி. ஏழுக்கு ஏழு அந்த ஒட்டுற பக்கம் இருபது டிகிரி பின்தங்குது. அந்தப் பக்கமாவே பக்கத்துச் சுருள் ஒட்டிக்கிட்டு வரணும்னா, எதிர்த்திசையில சாயத்தான் வேணும். கொலாஜனில் ஒரு கண்ணிக்குச் சுமார் 108 டிகிரி, இடப்பக்கமா. கிளைசின் மூணுக்கு ஒருமுறை. மூணு கண்ணிக்கு 324. முழுச் சுற்றுக்கு 36 பாக்கி. மறுபடியும் எதிர்ப்பக்கம். நூலில் விசை செய்யுற வேலையை இங்கே பாக்கிக் கணக்கு செய்யுது.

அவிழ்ந்தா என்ன ஆகும்

ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வச்சா மறுநாள் ஜெல்லி மாதிரி கட்டியாயிடும் இல்லையா? அது அவிழ்ந்த கொலாஜன். கொதிக்க வைக்கும்போது முப்புரி பிரிஞ்சு தனித்தனி இழையாகுது. ஆறும்போது கண்டபடி பின்னிக்கிட்டுத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்குது. அதுதான் ஜெலட்டின்.

நம்ம உடம்புச் சூட்டில் அவிழாம இருக்கணும்னா, கொலாஜனில் உள்ள புரோலின் சிலதில் உடம்பு ஒரு ஆக்சிஜன் ஹைட்ரஜன் ஜோடியைச் சேர்க்கணும். அந்த வேலைக்கு வைட்டமின் சி வேணும். அது இல்லாமப் போனா ஸ்கர்வி: ஈறில் ரத்தம் கசியும், புண் ஆறாது, ஆறின தழும்பே திரும்பப் பிளக்கும். அந்தக் காலத்தில் கப்பல்ல மாசக்கணக்கா இருந்த மாலுமிகளைக் கொன்னது இதுதான். ஒரு நெல்லிக்காய் உங்க முப்புரியை இறுக்கி வைக்குது.

இன்னொரு பக்கம், ஒரு சங்கிலியில் சுமார் ஆயிரம் கண்ணி. அதில் ஒரே ஒரு கிளைசின் இடத்தில் கொஞ்சம் பெரிய அமினோ அமிலம் வந்துட்டாப் போதும், நடுவில் இடம் பத்தாம முறுக்கு அந்த இடத்தில் தடுக்கி நிக்கும். எலும்பு சின்ன அடிக்கே நொறுங்குற ஒரு பிறவி நோய் பல பேருக்கு இப்படித்தான் வருது. ஒரு குழந்தைக்கு எலும்பு ஏன் திரும்பத் திரும்ப உடையுதுன்னு தேடுற மருத்துவர் கடைசியில் வந்து நிக்கிறது, 1954ல ராமச்சந்திரனும் கர்த்தாவும் கேட்ட அதே கேள்வியில: மூணுக்கு ஒண்ணு ஏன் கிளைசின்?

ஊர் திரும்பும்போது

பக்கைத் திருத்தினதும் மாமாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். நிதானமாப் பார்த்துட்டு, "இப்ப இசட்டு. ஓடவிடு" அப்படின்னார்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். அடுத்த தடவை செய்தியிலோ, விளம்பரத்திலோ, டிஷர்ட்லயோ புரதச் சுருளோ, டி.என்.ஏ. சுருளோ பார்த்தா, முன்பக்கக் கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. உடம்பில் சாதாரணமா இருக்கிற டி.என்.ஏ.வும் வலக்கை, அதாவது இசட்தான். ஆல்ஃபா சுருளுக்கோ டி.என்.ஏ.வுக்கோ எஸ் போட்டிருந்தா, பெரும்பாலும் யாரோ படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிட்டாங்கன்னு அர்த்தம். எத்தனை எஸ் கிடைச்சதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. என்னோட பழைய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.